சுவரை உதைத்தல்

ஃபியக்ரா ஓடுவது அக்கா மேல் உள்ள பாசத்தால் என்று
பத்திரிகையில் போட்டார்கள்.
இல்லை. மீன்கடையில் நடந்த ஒரு வாய்ச்சண்டையால்.

பிப்ரவரியில் சங்கத்து வேனின் லிஃப்ட்
பாதியில் நின்றுபோனது, என்னையும் வைத்துக்கொண்டு.
வேனுக்குள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை,
நாற்பது நிமிடம் திரிசங்கு.
கால்வேயில் மழை மேலிருந்து விழாது,
பக்கத்திலிருந்து வரும்.
குடை பிடிக்க ஓடிவந்த ஓட்டுநர்
குடையைப் பிடிக்க ஓடிப்போனார்.

புது லிஃப்ட் பன்னிரண்டாயிரம் யூரோ.
"உன் தம்பி மாரத்தான் ஓடட்டும்,
ஐந்து மணி நேரத்துக்குள் முடித்தால்
இருநூறு என்னுடையது" என்றான் கோல்மன்,
கானாங்கெளுத்தியின் வயிற்றைக் கீறியபடி
ஃபியக்ராவின் வயிற்றைப் பார்த்து.

சங்கத்தின் கணக்கு என் பொறுப்பு.
வலது கை நான் சொல்வதைக் கேட்பதில்லை.
இடது கையில் ஒரு விரல் கேட்கும்.
ஏழு வருட வரவு செலவை
அந்த ஒற்றை விரல் தட்டியிருக்கிறது,
ஒரு சென்ட் பிசகியதில்லை.

முந்தின நாள் புகைப்படக்காரர் வந்தார்.
முடிவுக்கோட்டில் நான் காத்திருக்க வேண்டுமாம்,
மடியில் பூங்கொத்தோடு.
கண் கலங்கினால் நல்லது,
கட்டாயமில்லை என்றார்.
படத்துக்கு ஐம்பது யூரோ என்றேன்.
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
கொடுத்தார்.
வரவு: ஐம்பது.
பூங்கொத்தை மட்டும் வேண்டாம் என்றுவிட்டேன்.

முப்பத்து மூன்றாம் கிலோமீட்டர்.
கடல் பக்கம் எதிர்க்காற்று.
உருளைக்கிழங்கு வறுக்கும் கடை வாசலில்
நடைபாதை ஓரம் உட்கார்ந்துவிட்டான்.
ஷூவைக் கழற்றவும் இல்லை,
தண்ணீர் கேட்கவும் இல்லை.
மூட்டை இறக்கியது போல உட்கார்ந்திருந்தான்.
"அவளுக்காக! அவளுக்காக எழுந்திரு!"
கூட்டம் என்னைக் கைகாட்டிக் கத்தியது,
நான் ஏதோ மலைமேல் இருக்கும் சாமி போல.

நாற்காலியை அவன் முழங்கால் வரை ஓட்டிப் போனேன்.
என் பேச்சு குழறும். அவனுக்குப் புரியும்.
கேள் என்றேன்.
பேக்கரி ஊனா, கிலோமீட்டருக்கு இரண்டு யூரோ.
பங்குத் தந்தை இருபது, கூடவே பிரார்த்தனை,
பிரார்த்தனைக்குக் கணக்கில் பத்தி இல்லை.
உன்னை விட்டுப்போன சொரக்கா
நீ உட்கார்ந்தால் ஐந்து, எழுந்தால் பத்து.
ஐந்து வந்தாகிவிட்டது.

"அவளா?" என்றான்.
அவள்தான் என்றேன்.
கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிக்கொண்டு
கையை ஊன்றி எழுந்தான்.
கூட்டம் கைதட்டியது, எனக்கு.

ஐந்து மணி மூன்று நிமிடம்.
கோல்மன் மணிக்கட்டைப் பார்த்தான், கடலைப் பார்த்தான்.
"என் கடிகாரம் எப்போதும் மூன்று நிமிடம் பின்னால்தான்"
என்று சொல்லி நான்கு ஐம்பதை எண்ணி வைத்தான்.
நோட்டுகளில் செதில் ஒட்டியிருந்தது.

இரவுக்குள் எல்லாம் கூட்டிப் பார்த்தேன்.
எண்ணூற்று அறுபது குறைகிறது.
அன்பில் அல்ல, யூரோவில்.

அதற்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே,
கடற்கரை நடைபாதையின் கடைசிவரை போனோம்.
அங்கே ஒரு சுவர்.
நடந்து வருகிற எல்லாரும் அதை ஒரு உதை உதைத்துவிட்டுத்தான்
திரும்புவார்கள். ஏன் என்று கேட்டால்
இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.
ஃபியக்ராவால் காலைத் தூக்க முடியவில்லை.
என் நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்து நின்றான்.
அவன் பாரம் சக்கரம் வரை இறங்கியது.
நகர் என்றேன்.
கால்மிதி சுவரில் போய் மோதியது. டங்.
"இது யாருடையது?" என்றான்.
உன்னுடையது என்று சொல்லி, பின்னால் வந்து
இன்னொரு முறை மோதினேன்.
கால்மிதியில் பெயின்ட் உரிந்துவிட்டது.
அதைச் செலவில் எழுத வேண்டும்.